நெட்டை ஆதமின் குட்டைக் கல்லறை

வில்கின் கல்லறைக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தான். கைகளை மார்பின் மேல் கட்டினான். கண்களை மூடிக்கொண்டான்.

"என்னடா பண்றே?" என்றார் ரெய்னர்.

"செத்துப் பார்க்கிறேன் எசமான். ஒத்திகை. என் கால் எங்கே வருதுன்னு பாருங்க."

ரெய்னர் பார்த்தார். வில்கினின் குதிகாலும் கல்லறைக் கல்லின் விளிம்பும் ஒரே இடத்தில் முடிந்தன.

"எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. நான் குள்ளன். அதை என் பொண்டாட்டி தினமும் ஞாபகப்படுத்துறா" என்று எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டான் வில்கின். "ஆதம் ஆஸ்கர்பிக்கு யார்க் சந்தையில நான் சவரம் பண்ணியிருக்கேன். அவன் உட்கார்ந்திருக்கான், நான் நிக்கிறேன், ரெண்டு பேருக்கும் மூக்கு நேருக்கு நேர். அப்படிப்பட்ட ஆளை இந்தக் குழிக்குள்ள எப்படி வெச்சாங்க? மடிச்சா?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசுறேன். கல்லுதான் சத்தம் போடுது."

ரெய்னர் டால்பி அந்த வட்டாரத்தின் மரண விசாரணை அதிகாரி. எங்கே யார் எப்படிச் செத்தாலும் வந்து பார்ப்பது அவர் வேலை. வில்கின் பழைய வில்லாளி, இப்போது நாவிதன். ரெய்னருடைய தாடிக்கும் குதிரைக்கும் சந்தேகங்களுக்கும் அவன்தான் துணை. குருத்தோலை ஞாயிறன்று கொட்டும் பனியில் நடந்த அந்தப் பெரிய போருக்குப் பிறகு இருவருக்கும் ஓய்வே இல்லை. சிவப்பு ரோஜா ராஜா ஓடிவிட்டார். வெள்ளை ரோஜா ராஜா முடிசூடிக்கொண்டார். ராஜாக்களுக்கு அத்தோடு முடிந்தது. பக்கத்துப் பக்கத்து நிலங்களில் வாழ்ந்த ஆஸ்கர்பிகளுக்கும் ரோக்டன்களுக்கும்தான் முடியவில்லை. தாத்தாக்கள் காலத்தில் மாவு ஆலையின் மதகை யார் திறப்பது என்று ஆரம்பித்த பகை அது. ராஜாக்களின் சண்டை அதற்கு ஒரு நல்ல சாக்காக வாய்த்தது.

ஆஸ்கர்பிகள் தோற்ற பக்கம். அவர்களின் ஒரே வாரிசு ஆதம் போரில் செத்து, குடும்பச் சிற்றாலயத்தில் இதோ இந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறான். ரோக்டன்கள் ஜெயித்த பக்கம். ஆனால் அவர்களின் ஒரே பிள்ளை எட்மண்டைக் காணவில்லை. உயிரோடும் இல்லை, பிணமாகவும் இல்லை. ஆஸ்கர்பிகள்தான் அவனை நிலவறையில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தகப்பன் ஹியூ ரோக்டனுக்குப் பிடிவாதமான நம்பிக்கை. பொழுது சாய்வதற்குள் ரெய்னர் பதில் கொண்டுவரவில்லை என்றால் ஆஸ்கர்பி மாளிகையைக் கொளுத்தப்போவதாகச் சொல்லி, ஆற்றுப் பாலத்தில் ஆட்களோடும் தார்ப் பீப்பாய்களோடும் காத்திருந்தார்.

ஆலயத்தின் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்து விட்டபடி ஒரு பெண் முழங்காலிட்டிருந்தாள். வாசலில் கேட்ட காவலாளியிடம் ரெய்னர் அவளைத் தன் தங்கை என்று சொல்லியிருந்தார். உண்மையில் அவள் சிபில் ரோக்டன், எட்மண்டின் தாய். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் குதிரையேறி வந்துவிட்டாள். வழியில் அவளிடம் ரெய்னர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார், மகன் உடம்பில் அடையாளம் ஏதாவது உண்டா என்று.

"எசமான், கல்தச்சன் அளவு தப்பிட்டான்னு சொல்லிடுவாங்களே" என்றான் வில்கின்.

"காலையில போர்க்களத்துப் பாதிரியார் என்ன சொன்னார்? ஞாபகம் இருக்கா?"

"செத்தவங்களை வரிசையாப் போட்டிருந்தாங்க. துணிமணியெல்லாம் திருடனுங்க உருவிட்டானுங்க. விடியறதுக்குள்ள ஆதமோட அம்மா ஆவிஸ் சீமாட்டி முதல் ஆளா வந்துட்டாங்க. முகம் சிதைஞ்ச ஒரு பையன் மேல விழுந்து அழுதாங்க. வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்க."

"அதுக்கு நடுவுல ஒண்ணு சொன்னார்."

வில்கின் யோசித்தான். "முகம் நல்லா இருந்த பிணங்க பக்கம் அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கலேன்னார்."

"பிள்ளையைத் தேடி வர்ற தாய் எதைப் பார்ப்பா?"

"முகத்தை." சொல்லிவிட்டு வில்கின் மெல்ல விசிலடிக்கப் போனான். ஆலயம் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான். "அந்தம்மா பிள்ளையைத் தேடி வரலே. முகமில்லாத ஒருத்தனைத் தேடி வந்திருக்காங்க."

பக்கவாட்டுக் கதவு திறந்தது.

ஆவிஸ் ஆஸ்கர்பி கறுப்பு உடையில் வந்தாள். கை நிறைய மஞ்சள் காட்டுப்பூக்கள், வேரில் மண்ணோடு. விதவை, ஐம்பது வயது இருக்கும். இந்த வசந்தத்தில் இன்னும் பத்து கூடியிருந்தது. அந்நியர்களைக் கண்டு திடுக்கிட்டாலும் நேராக வந்து கல்லின் தலைமாட்டில் பூக்களை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"விசாரணை அதிகாரிக்கு இங்கே என்ன வேலை? செத்தவனை எத்தனை தடவை விசாரிப்பீங்க?"

"மன்னிக்கணும் அம்மா. உங்க பையன் இறந்ததை நான் உறுதிப்படுத்தணும். கல்லு கொஞ்சம் சின்னதா இருக்கே?"

"கல்தச்சன் தப்பு பண்ணிட்டான்."

"கல்லு தப்பலாம் அம்மா" என்றான் வில்கின் பணிவாக. "குழி எப்படித் தப்பும்?"

ரெய்னர் குரலைத் தாழ்த்தினார். "ஆளைக் கூப்பிட்டுக் கல்லைத் தூக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" அவள் கல்லுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் ஐயா. அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க. இப்பத்தான் நிம்மதியா இருக்கான்."

'அவனை' என்று அவள் சொன்ன விதம் ரெய்னரைத் தயங்க வைத்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் பயப்படுவார்கள். இவள் பயந்தது தனக்காக இல்லை.

"இது ஆதம் இல்லை, அப்படித்தானே?"

ஆமாம் என்று அவள் தலையசைத்தாள்.

"போர் தோத்ததும் எங்க ஆளுங்களைத் தேடித் தேடி வெட்டினாங்க. ஆதம் தப்பிச்சு வடக்கே ஓடிட்டான்னு ஒருத்தன் ஓடி வந்து சொன்னான். அவன் செத்துட்டான்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான் தேடுறதை நிறுத்துவாங்க. அதனால போனேன். முகம் தெரியாத ஒருத்தனை எடுத்துக்கிட்டு வந்தேன்." அவள் குனிந்து கல்லைத் தொட்டாள். "நாடகம்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன் ஐயா. விழுந்து அழணும், அவ்வளவுதான். ஆனா வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் வெச்சுக் குளிப்பாட்டும்போது என்னால அழுகையை நிறுத்த முடியலே. யாரோ ஒருத்தி பெத்த பிள்ளை. அவ எங்கேயோ தேடிக்கிட்டு இருப்பா. அவளுக்குப் பதிலா நான் செய்யறேன்னு எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சேன். என் கல்யாண விரிப்புலதான் சுத்தினேன்."

"ஆதம் கிட்டேயிருந்து தகவல் ஏதாவது?"

"இன்னும் இல்லை. வருவான். பின்கதவைத் தாழ் போடாமத்தான் தூங்குறேன்."

அடுத்த கேள்வியைக் கேட்காமலே போய்விட்டால் என்ன என்று ரெய்னருக்குத் தோன்றியது. முதுகுக்குப் பின்னால் ஜெபமாலையின் மணிகள் உருளும் சத்தம் நின்றுபோயிருந்தது. பாலத்தில் தார்ப் பீப்பாய்கள் காத்திருந்தன. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"குளிப்பாட்டும்போது அவன் உடம்புல ஏதாவது அடையாளம் பார்த்தீங்களா?"

ஆவிஸின் முகம் இளகியது. தன் பிள்ளையைப் பற்றி யாரோ அன்பாக விசாரித்ததுபோல் இருந்தது அது.

"இடது கால்ல ரெண்டு விரல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வாத்துக்கால் மாதிரி. வளர்ந்த பையன்தான், கால் மட்டும் குழந்தைக்கால். அதைப் பார்த்ததும் தாங்க முடியாம முத்தம் கொடுத்துட்டேன்."

பின்வரிசையிலிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இல்லை. அடிபட்ட ஒருவர் மூச்சை இழுப்பதுபோல் இருந்தது. சிபில் எழுந்து நடந்து வந்தாள். முக்காடு சரிந்து தோளில் கிடந்தது.

ஒரே சந்தைக்குக்கூட ஒரே நாளில் போகாத குடும்பங்கள். இருந்தாலும் ஆவிஸுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரோக்டன் வீட்டம்மாவா?" என்றாள் கைகளுக்குள்ளிருந்து. "ஐயோ. உங்க பையனா?"

"பிறந்தப்போ அதைப் பார்த்துட்டு மருத்துவச்சி சிரிச்சா" என்றாள் சிபில். "நல்லா நீந்துவான்னு சொன்னா." அவள் கல்லின் மேல் கையை வைத்தாள். அப்புறம் கன்னத்தை வைத்தாள்.

வில்கின் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"பனியில வழி அடைஞ்சுபோச்சு. நான் மறுநாள்தான் வந்து சேர்ந்தேன்" என்று சிபில் கல்லிடம் சொன்னாள். "ஒரு நாள்."

"எடுத்துக்கிட்டுப் போங்க அம்மா" என்றாள் ஆவிஸ். "ஆளுங்களைக் கூப்பிடுறேன். உங்க பிள்ளை, உங்க மண்ணுக்குக் கொண்டுபோங்க. ஆனா ஒரே ஒரு பிச்சை. ஒரு வாரம் பொறுத்து வெளியே சொல்லுங்க. ஆதம் எல்லை தாண்டுற வரைக்கும்."

சிபில் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "உங்க பையனுக்கு? உயரம்தான் அடையாளமா?"

"அதுவும்தான். அப்புறம் இடது காது. சின்ன வயசுல குதிரை கடிச்சு மடல்ல ஒரு துண்டு போயிடுச்சு. முடியை இழுத்து விட்டு மறைச்சுக்குவான்." ஆவிஸ் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். "ஏன் கேட்கறீங்க?"

ரெய்னர் அப்போது சிபிலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ ஒன்று அணைந்தது.

"வழியில எங்கேயாவது பார்த்தா தெரிஞ்சுக்கணுமே, அதுக்குத்தான்" என்றாள் சிபில். எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். "எட்மண்ட் இங்கேயே இருக்கட்டும். உங்க பையன் பேர்லயே இருக்கட்டும். நீங்க நல்லாத்தான் பார்த்துக்கறீங்க."

"அம்மா…"

"பூ வைக்கிறதை மட்டும் நிறுத்திடாதீங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ஆற்றை நோக்கிக் குதிரைகள் மெதுவாகப் போயின. முள்வேலிகளில் வெள்ளைப்பூ பூத்திருந்தது. கொஞ்ச தூரம் வரை பொறுத்துப் பார்த்த வில்கினுக்கு அமைதி தாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது அம்மா. நெட்டை ஆதம் திரும்பி வந்து அந்தக் குட்டிக் கல்லுல தன் பேரைப் பார்த்தா, முதல்ல கல்தச்சனைத்தான் உதைப்பான்."

"வில்கின், வாயை மூடு" என்றார் ரெய்னர். "ஆதம் வர மாட்டான்."

சிபில் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்தினாள்.

"அவன் எங்கே ஒளிஞ்சிருக்கான்னு நீங்க கேட்கலே" என்றார் ரெய்னர். "எந்தப் பக்கம் போனான்னு கேட்கலே. உங்க வீட்டுக்கு அவன் எதிரி. மத்தவங்க அதைத்தான் கேட்டிருப்பாங்க. நீங்க அடையாளம் கேட்டீங்க. உயிரோட இருக்கிறவனுக்கு யாரும் அடையாளம் கேட்கிறதில்லை அம்மா. கல்லுல கன்னத்தை வெச்சிருக்கும்போதே உங்களுக்குச் சந்தேகம். காதைச் சொன்னதும் உறுதியாயிடுச்சு. எங்கே பார்த்தீங்க?"

அவள் குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"ஓடைக்கரையில. தண்ணியில விழுந்து செத்தவங்களை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தனோட கால் மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவு நீளக்கால். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, இது எட்மண்ட் இல்லை." அவள் பிடரியிலிருந்து கையை எடுத்தாள். "சந்தோஷப்பட்டேன் ரெய்னர். என் பிள்ளை இல்லைன்னு அங்கேயே கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்புறம் வெட்கமாயிடுச்சு. கிட்டப் போய் முகத்தைப் பார்த்தேன். தண்ணி அவனை ஒண்ணும் பண்ணலே. தூங்குற மாதிரி இருந்தான். யாருன்னு எனக்குத் தெரியலே. ஈர முடி காதுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒதுக்கி விட்டேன். என் போர்வையை அவன் மேல போர்த்திட்டு வந்தேன். அவனையும் மத்தவங்களோட பெரிய குழியிலதான் போட்டாங்க."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான் வில்கின். கேலி போய் அவன் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "செத்தவனை யாரும் தேட மாட்டாங்க. மறைக்க ஒண்ணுமில்லை. உங்க பிள்ளையை நீங்க வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம்."

"கொண்டுபோயிருக்கலாம்."

"பின்னே ஏன்? அந்தம்மா பொய்யை நம்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அது நல்லதா?"

"நல்லதான்னு தெரியலேப்பா. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கும் அந்த நம்பிக்கை இருந்துச்சு. அது இருந்த வரைக்கும் என்னால ரெண்டு வாய் சாப்பிட முடிஞ்சது." அவள் குதிரையைத் தட்டினாள். "அவ என் பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கா. நான் போய் அவ பின்கதவைத் தாழ் போட்டுட்டு வரணுமா?"

ஹியூ ரோக்டன் பாலத்தின் நடுவில் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார். போரில் முழங்காலில் வாங்கிய வெட்டு இன்னும் ஆறவில்லை. அவரைச் சுற்றி ஆட்கள் வைக்கோல் கட்டுகளோடு நின்றார்கள். மனைவியைக் கண்டதும் தடியை ஊன்றி எழுந்தார்.

"எங்கே வெச்சிருக்கானுங்க? சொல்லுங்கய்யா. நிலவறையிலா, கோபுரத்திலா?"

"அங்கே உயிரோட யாரும் இல்லை பிரபு" என்றார் ரெய்னர். அது உண்மைதான்.

சிபில் குதிரையிலிருந்து இறங்கினாள்.

"எட்மண்ட் போயிட்டான்" என்றாள். "போர் நடந்த அன்னிக்கே. ஓடையில. அங்கே பெரிய குழியில இருக்கான்."

"யார் சொன்னா? ஆஸ்கர்பிக்காரி சொன்னாளா? பொய் சொல்றா!"

"யாரும் சொல்லலே. நான் பார்த்தேன்."

ஹியூ அவளையே பார்த்தார். "நீயா? நீதானே கிடைக்கலேன்னு வந்து சொன்னே?"

"உங்களுக்குக் காயம். காய்ச்சல்ல கிடந்தீங்க. அவன் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்வேன்?"

தடி கையிலிருந்து நழுவிப் பாலத்தில் உருண்டது. யாரும் எடுக்கப் போகவில்லை. அந்தப் பெரிய மனிதர் மறுபடியும் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். மிகச் சின்னக் குரலில் கேட்டார்.

"முகம்?"

"ஒண்ணும் ஆகலே. தூங்குற மாதிரி இருந்துச்சு."

"அன்னிக்குப் பனி கொட்டிச்சே சிபில்."

"என் போர்வையைப் போர்த்திட்டுத்தான் வந்தேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். "போங்கடா. வீட்டுக்குப் போங்க. இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க."

ரெய்னர் தன் வாழ்நாளில் எத்தனையோ பொய்களைக் கேட்டவர். ஒவ்வொன்றையும் உடைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அன்று அவர் குனிந்து தடியை எடுத்து ஹியூவின் கையில் கொடுத்தார், வேறொன்றும் செய்யவில்லை.

மறுநாள் ஹியூ ஓடைக்கரைக்குப் போயே தீரவேண்டும் என்றார். சாட்சியாக ரெய்னரும் வில்கினும் கூடவே போனார்கள். புல் முளைத்த நீளமான மேடு. எங்கே என்று ஹியூ கேட்டார். சிபில் கொஞ்சமும் தடுமாறாமல் நடந்து ஒரு இடத்தில் நின்றாள். வண்டி நின்ற இடம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஹியூ காயம்பட்ட காலை மடக்க முடியாமல் மடக்கி முழங்காலிட்டார். கையால் புல்லைத் தடவினார்.

"எட்மண்ட், அப்பா வந்திருக்கேண்டா" என்றார். "என் கூடவே நில்லுன்னு சொன்னேன். கேட்டியா? குதிரையைத் தட்டிக்கிட்டு முன்னால போயிட்டே. எப்பவும் அவசரம். எல்லாத்துக்கும் அவசரம்." அழுதார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் ஏதாவது பேசேன் அவன்கிட்ட."

சிபில் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து மண்ணோடு உதடு படும்படி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

"உங்கம்மாவைப் பார்த்தேம்ப்பா. நல்லாத்தான் இருக்கா. அவளை நினைச்சுக் கவலைப்படாதே."

துக்கத்தில் தன்னைப் பற்றித்தான் இப்படிப் பேசுகிறாள் என்று எண்ணி, ஹியூ அவள் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.